செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 5 முறை கூடியது. பொங்கல் விழாவும், பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் உருவான நாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன.

வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மியின் பிறந்த நாளும் தேசிய வீதி நாடக நாளுமான ஏப்ரல் 12 அன்று, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பெங்களூருப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் நாம் நிகழ்த்திய நாடகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் உரையாடல் வீட்டில் அமர்ந்து எழுதப்பட்டதன்று. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் அதே இடத்தில் நின்று பேசியதை இரண்டு மாதம் கேட்டுக் குறித்துக்கொண்டு தொகுத்தது. ‘கெத்து’, ‘மொக்கை’, ‘பல்பு வாங்கினான்’ என்பவற்றோடு, கன்னடத்திலிருந்து பஸ் ஏறி வந்த ‘மகா’ (மச்சான்), ‘குரு’ (தலைவா), ‘சக்கத்’ (பிரமாதம்) ஆகியனவும் அதில் இருந்தன. மண்டியில் குவியும் மாங்காய்க்கே ‘பெங்களூரா’ என்று பெயர் வைத்திருக்கும் ஊருக்கு அச்சொற்கள் அந்நியமல்ல. ஒலிபெருக்கி வைக்கவில்லை, நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவினால் பேச்சை நிறுத்தி, அந்தக் கூவலுக்கே பதில் சொல்ல நடிகர்கள் பழகியிருந்தார்கள். நேர்முகத் தேர்வில் தோற்றுத் திரும்பியவனை நண்பர்கள் கலாய்க்கும் காட்சியை மெய்யான சண்டை என்றெண்ணி விலக்கிவிட வந்த பெரியம்மா ஒருவர், முடியும்வரை நாடகத்திலேயே இருந்துவிட்டார். அனுமதிக்காக நான் அலைந்ததை இங்கே எழுத விரும்பவில்லை.

கொச்சை மொழியை மன்றம் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது தகாது என்று உறுப்பினர் சிலர் எழுத்து மூலம் கண்டித்தனர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்றாடப் பேச்சில் அரசர்களையே கேலி செய்வதை விடிய விடிய ரசித்தவர்கள் அவர்களுள்ளும் உண்டு. கண்டித்தவர் ஒருவரும் நாடகத்திற்கு வரவில்லை. 62 உறுப்பினர்களில் வந்தவர் 9 பேர். அதிலும் நால்வர் நடிகர்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய நேராகியுள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா செலுத்தாதோர் பெயர்களை, சிலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால், வாசிக்கவில்லை. ஒப்பனைப் பொருள்களும் தேநீரும் தந்து உதவிய அனைவருக்கும் மன்றத்தின் நன்றி உரியது.

வரும் மாம்பழப் பருவத்தில், சுமை ஏற்றுவோரின் பேச்சைக் கொண்டு மண்டியிலேயே அடுத்த நாடகத்தை நிகழ்த்தும் எண்ணம் உண்டு. வேறொருவர் இப்பொறுப்பை ஏற்று இதைவிடச் சிறப்பாகச் செய்ய முன்வந்தால் மகிழ்ச்சியுடன் விலகிக்கொள்வேன். அதுவரை ரசீதுப் புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்த பின்னும் சிறிது நேரம் இங்கேயே இருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்