ஃபுகுஷிமால பேட்டரி தூக்கிட்டு வந்த பேர் தெரியாத அண்ணனுக்கு நன்றி

2011 மார்ச் 11, ஜப்பான்ல ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல சுனாமி தண்ணி புகுந்து டீசல் ஜெனரேட்டரெல்லாம் மூழ்கி கரண்டே போயிடுச்சு, ரியாக்டர, அதாவது அணு உலைய, ஆஃப் பண்ணாலும் உள்ள எரிபொருள் சூடு கக்கிட்டேதான் இருக்கும், அத ஆத்துறதுக்கு உள்ள தண்ணி போறது நிக்கவே கூடாது, ஆனா கன்ட்ரோல் ரூம்ல மீட்டரே வேலை செய்யல. அப்போ கார் பேட்டரிய கழட்டி தூக்கிட்டு வந்து, டார்ச் வெளிச்சத்துல ஒயர் மாட்டி, உள்ள தண்ணி மட்டம் எவ்ளோனு பாத்தீங்களே அண்ணா, உங்களுக்குத்தான் இந்த நன்றி. ஃபயர் இன்ஜின் வெச்சு கடல் தண்ணிய உள்ள அடிச்சவங்களுக்கும்தான், முதல் உலையோட கட்டடம் வெடிச்சு ஹோஸ் கிழிஞ்சும் திரும்பப் போய் மாத்திப் போட்டாங்க! டிசம்பர்லதான் கோல்ட் ஷட்டவுன் நிலைக்கு, அதாவது உலை சூடு நூறு டிகிரிக்குக் கீழ அடங்குன நிலைக்கு, வந்துச்சுன்னு அரசாங்கம் சொல்லுச்சு, ஒன்பது மாசம். அப்போ நான் கைக்குழந்தையோட டோக்கியோல இருந்தேன். ரொம்ப ரொம்ப நன்றிண்ணா.