எமுலேட்டர் உரிமச் சிக்கல்: ஞாயிறு கூட்டம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் எமுலேட்டரின் (வேறொரு கருவியைக் கணினியில் போலச்செய்து இயக்கும் மென்பொருள்) ஒலிப் பகுதியில் ஜிபிஎல் (GPL என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம்) நிரலோடு, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமுள்ள நிரலும் கலந்திருக்கிறது. ஜிபிஎல் இத்தகைய கூடுதல் தடையை ஏற்பதில்லை; சேர்த்து வெளியிட முடியாது. ‘இலவசமாகத்தானே தருகிறோம்’ என்ற வாதம் எடுபடாது. பழைய ஆர்கேட் விளையாட்டுகளுக்கான எமுலேட்டரான மேம் (MAME) திட்டமே 2016-இல்தான் அந்தத் தடையைக் கைவிட்டது, அதுவும் நிரல் எழுதியவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டு.

வரும் ஞாயிறு மாலை 5 மணி, வேலூர் கோட்டைப் பூங்கா. (அதற்கு முன் நம் ஊர் வெயிலில் உட்கார முடியாது.)

1. அவரவர் எழுதிய கோப்புகளின் பட்டியலோடு வாருங்கள்.
2. வெளியிலிருந்து எடுத்த நிரலுக்கு மூல உரிமக் கோப்பும் வேண்டும். பதிப்புரிமை வரிகளை யாரும் அழிக்க வேண்டாம்.
3. அதுவரை புதிய வெளியீடு இல்லை.

வணிகத் தடையை நீக்கும் உரிம மாற்றத்துக்குச் சம்மதமா என்று வெள்ளி இரவுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். செய்திக்குக் கட்டைவிரல் குறி (👍) இட்டால் போதாது.