பிடில் இலைச் செடியும் நம் பகுதி உப்புத் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுயரம் வளர்ந்து, தடித்த பெரிய இலைகளோடு நிற்கும் பிடில் லீப் செடியை வடசென்னை வீடுகளிலும் இப்போது ஹாலில் வாங்கி வைக்கிறார்கள். விலை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சில மாதங்களில் இலையோரம் கருகி, ஒவ்வொன்றாக உதிர்ந்து, குச்சிதான் மிஞ்சுகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் செடியைக் கொல்வதே அந்தத் தண்ணீர்தான்.

இது மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்கு உறவு. நம் மாடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கிறதே, அதுபோலக் காட்டில் இதுவும் பல நேரம் வேறொரு மரத்தின் மேல் முளைத்துத்தான் வேரைத் தரைக்கு இறக்குகிறது. ஆகவே வேருக்கு நல்ல மழையும் வேண்டும், மழை வடிந்த பிறகு காற்றும் வேண்டும். தேங்கிய ஈரத்தில் வேர் அழுகிவிடும்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பழைய செய்தி. திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் என்று கடலோரத் தெருக்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதைத் தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மண்ணிலேயே தங்கும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான் காரணம். இலை நுனியும் ஓரமும் காய்ந்த காகிதம்போல் நொறுங்கும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுபவர்கள் பலர். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் குழாயில் வரும் மெட்ரோ வாட்டரை ஊற்றலாம். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரில் உப்பு இல்லை. வாளியில் பிடித்து, குளிர்ச்சி போனபின் விடலாம். எல்லாவற்றிலும் மேல் மழைநீர். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதிலிருந்து குழாய் இறக்கிய வீடுகள் நிறைய உண்டு. முதல் மழையின் அழுக்கு போகட்டும். பிறகு ஒரு டிரம் பிடித்து, கொசு புகாதபடி துணிகட்டி மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் காற்று இல்லாத ஒரு மழை நாளில் தொட்டியை வெளியே வைத்தால், தங்கிய உப்பு அடித்துளை வழியே காசு செலவில்லாமல் கழுவிப் போய்விடும்.

எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை நிதானமாக ஊற்றி, தட்டில் தேங்குவதை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை கேட்கும் செடி, அடைமழைக் காலத்தில் பத்து நாள்கூடத் தாங்கும். கீழ் இலைகள் மஞ்சளாகி, கரும்பழுப்புத் திட்டு மெத்தென்று பரவினால் வேர் அழுகல். செடியைப் பிடுங்கி, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, புதுமண்ணில் நடுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் கூடாது.

மண்ணிலும் கோளாறு உண்டு. நர்சரிக் கவரில் இருப்பது இறுகிய செம்மண் உருண்டை. அதை அப்படியே தேங்காய்நார்த் தூளுக்குள் இறக்கினால், சுற்றிலும் ஈரமாக இருக்கும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். உருண்டையின் ஓரங்களைக் கையால் உதிர்த்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, நார்த்தூள், மண்புழு உரம், பெருமணல் தலா ஒரு பங்கு கலந்து நடலாம். நார்த்தூளிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் சேர்க்காதீர்கள். தொட்டி, வேர் உருண்டையைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும்.

வெளிச்சம் இல்லாத இடத்தில் எந்த வைத்தியமும் பலிக்காது. கிழக்கு ஜன்னலோரம் சிறந்த இடம். ஏ.சி. காற்று நேரே படக்கூடாது. பழைய வண்ணாரப்பேட்டையின் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒற்றை ஜன்னல்தான் என்றால் பிடில் லீப்பை விட்டுவிடுங்கள். கரும்பச்சை இலை ரப்பர் செடி குறைந்த வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் பொறுக்கும். முற்றம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிடில் லீப்பை அங்கேயே வைக்கலாம்.

கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளிலும் மணலிப் பக்கமும் இலைமேல் கரிப்புழுதி படியும், வெளிச்சம் தடைபடும். வாரம் ஒருமுறை, இலையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, ஈரப் பருத்தித் துணியால் இருபுறமும் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவினால் புழுதி இன்னும் ஒட்டும். துடைக்கும்போதே இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். காம்பை ஒடித்தால் வரும் பால் தோலை அரிக்கும். குழந்தைகளும் நாய், பூனையும் கடிக்காமல் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் அடங்காத உயரம் வந்ததும் சிலர் சம்ப் பக்கத்திலேயே தரையில் நட்டுவிடுகிறார்கள். இது 40 அடிக்கு மேல் போகும் மரம். வேர் சம்ப் சுவரையும் குடிநீர்க் குழாயையும் தேடிப் போகும். நுனியை வெட்டித் தொட்டியிலேயே வையுங்கள், பக்கக் கிளை விடும். செடி விற்பவர்களும் வாங்குபவரிடம் "உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.