பட்டியல் மூடிய பிறகு வாசலுக்குப் போகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் பிரசாரத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் காசு வாங்காமல் அலைந்தவர்களும் இருக்கிறோம். திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் நான் 2021 சட்டமன்றத் தேர்தலிலும், 2024 மக்களவைத் தேர்தலிலும் ஒரு கட்சிக்காக வீடு வீடாகப் போனேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான்.

2024 ஏப்ரல் முதல் வாரம், நல்ல வெயில். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, சுளவை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நோட்டீசை நீட்டினேன். அவர் கை நிற்கவில்லை. இலையில் தூளைப் போட்டு உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஓட்டுப் போடச் சொல்லுதியே தாயி, எம் மருமவளுக்கு ஓட்டு எங்க கெடக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்” என்றார்.

வாக்காளர் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். மருமகள் வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது; பெயர் இங்கே இல்லை, இன்னும் களக்காட்டில்தான் இருக்கிறது. ஆச்சியின் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருஷம். அவர் பெயர் எங்கள் பட்டியலில் அப்படியே இருந்தது. சரி, படிவம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றால் நாள் கடந்துவிட்டது. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளோடு வாக்காளர் பட்டியலும் மூடிவிடும். 2024-ல் அது மார்ச் 27. அதற்குள் பெயர் ஏறவேண்டும் என்றால் விண்ணப்பம் அதற்கும் சில நாள் முன்பே போயிருக்க வேண்டும். ஆச்சிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தெருவில் மட்டும் இப்படி ஏழு வீடுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் துண்டு போட்டுக்கொண்டு கிளம்புவதே வேட்பாளர் பெயர் வந்த பிறகுதான். அதாவது செய்யவேண்டிய வேலைக்குக் காலம் முடிந்த பிறகு. 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று 2024-ல் ஏற்பாடு இருந்தது. அதற்கான 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியாகி ஐந்து நாளைக்குள் கொடுக்கவேண்டும். அந்த ஐந்து நாளும் பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தது. சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற பிள்ளைகள் சாஸ்தா கோயிலுக்காக ஊருக்கு வந்து, வீடு நிறைய ஆள் இருந்த நேரம். ஒவ்வொரு வாசலிலும் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த வாரம் எங்கள் கட்சி ஆபீசில் கொடி கட்டுவதற்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பத்து நாளில் லோடு ஆட்டோவில் பெண்களை இறக்கினார்கள். பீடித் தட்டையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்; ஒரு நாள் கூலி அவர்களுக்குப் பெரிது. ஆனால் அவர்களுக்கு எங்கள் தெருவும் தெரியாது, தெருவுக்கு அவர்களையும் தெரியாது. எனக்கு வலித்தது அதற்கு அப்புறம் நடந்தது. “நீ எவ்வளவு வாங்குற?” என்று வீட்டுக்கு வீடு என்னையும் கேட்க ஆரம்பித்தார்கள். என்னோடு வந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் மறுநாள் வரவில்லை.

வாக்குச்சாவடியில் கட்சி சார்பில் பூத் ஏஜென்டாக உட்காருவதும் தொண்டு வேலைதான். காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு. இயந்திரத்தில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதை அழித்துவிட்டு சீல் வைப்பார்கள். கண்கொட்டாமல் பார்க்கவேண்டும். சாயங்காலம் ஓட்டு முடிந்ததும் மொத்தம் எத்தனை பதிவு என்று எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கவேண்டும். தெருக்காரர்களின் முகம் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால்தான் இறந்தவர் பெயரில் வேறு ஆள் வந்து நிற்கும்போது கேட்க முடியும்.

ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ராதாபுரம் தூரமில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி தோல்விக்கு நடுவில் இருந்தது 49 ஓட்டு. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவானது. ஏழு தெருவில் ஏழேழு வீடு விட்டுப்போனால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

கட்சிக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தேர்தலுக்கு இப்போதே தெருவுக்கு ஒருவரிடம் பட்டியலைக் கொடுங்கள். பட்டியல் திருத்தத்துக்குச் சிறப்பு முகாம் வைப்பார்கள். அங்கே உங்கள் ஆட்கள் படிவத்தோடு நிற்கட்டும். கூலிக்கு ஆள் கூட்டி வருவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் பட்டியலை நகலெடுத்துக் கொடுத்தாலே போதும். பெண்கள் வேலைக்கு வரவேண்டும் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் போடாதீர்கள். பூத்தில் இருக்கிற ஏஜென்டுக்கு மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குப் போகவேண்டும். 2021-ல் எனக்கு வரவே இல்லை. எதிர்க்கட்சிக்கு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி தன் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தார்.

2024 ஜூன் 4-ல் ஓட்டு எண்ணிக்கை முடிந்த மறுவாரமே ஆச்சி வீட்டுக்குப் போனேன். மருமகள் பெயரை மாற்றப் படிவம் 8, தாத்தா பெயரை நீக்கப் படிவம் 7, இரண்டையும் எழுதி வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுத்தாகிவிட்டது. குறித்து வைத்த ஏழு வீட்டில் இன்னும் மூன்று பாக்கி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வீரவநல்லூர்.