சட்ட மாணவரின் பொதுநலப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, சட்ட மாணவர்களே,

இவ்வாண்டுப் பணியைக் காலக்கெடுகளின் நாட்கணக்கிலிருந்தே தொடங்கினோம். கொழும்பின் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வரும் தமிழ் பேசும் வறியவர் பலரிடம் நல்ல வழக்கு இருக்கிறது. ஆனால் சட்டத்தரணியைத் தேடிப் பிடிப்பதற்குள் காலக்கெடு தாண்டிவிடுகிறது. இல்லையேல், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஏற்கெனவே கையொப்பம் வைத்துவிட்டிருப்பார்கள். மாணவர் மன்றில் தோன்ற முடியாது. அந்த உரிமை சட்டத்தரணிக்கே உரியது. ஆனால் இந்த இரண்டு இழப்புகளையும் மாணவரால் தடுக்க முடியும்.

எமது சங்கத்தின் சட்ட உதவி மேசைக்கு ஒருவர் வந்தால் இரு மாணவர்கள் அமர வேண்டும். ஒருவர் கேட்கவும் மற்றவர் எழுதவும் வேண்டும். முதலில் அவரைத் தடுக்காமல் பேச விடுங்கள். பிறகு திகதி வரிசையில் திருப்பிக் கேளுங்கள்: எப்போது நடந்தது, யாரிடம் முறையிட்டார், கையில் என்ன தாள் உண்டு. திகதி நினைவில்லை என்பவர்களிடம் தீபாவளிக்கு முன்னா பின்னா, பள்ளி விடுமுறையிலா, சம்பளத்துக்குப் பிறகா என்று கேட்டால் பெரும்பாலும் வெளிவந்துவிடும். மூலப் பிரதியை ஒருபோதும் வாங்கி வைக்கக்கூடாது. நிழற்பிரதி எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தாள்களைச் சொந்தக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இனி முற்றாகத் தடை. மாணவர் ஆலோசனை சொல்வதில்லை, பணம் வாங்குவதில்லை. குறிப்பைச் சட்டத்தரணி பார்த்த பிறகே பதில் போகும்.

அதிகம் தவறுவது அடிப்படை உரிமை வழக்கில். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றுக்கு மனுப்போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம், காலம் நின்றுவிட்டது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கழிப்பது, முறைப்பாடு ஒரு மாதத்துக்குள் கொடுக்கப்பட்டிருந்து, அதன்மீது விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை மட்டுமே. வெறும் பற்றுச்சீட்டு போதாது என்று நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்துடன், விசாரணை நடைபெறுவதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பான வழி, ஆணைக்குழுவை நம்பிக் காத்திராமல் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே சட்டத்தரணியிடம் வழக்குக் கோவையை ஒப்படைப்பதுதான்.

தகவல் அறியும் உரிமைப்படி (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்) அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்பது மாணவர் தாமே முழுதாகச் செய்யக்கூடிய வேலை. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென அந்நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம். “வேலை நாட்கள்” என்பதை மறவாதீர்கள்: வார இறுதியையும் போயா (முழுநிலா நாள்) விடுமுறையையும் கழிக்காமல் எண்ணியதால், கேட்ட தகவல் வருவதற்குள்ளேயே மேன்முறையீடு எழுதிய சம்பவங்கள் உண்டு. விண்ணப்பத்தைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? கேள்வியும் முக்கியம். “ஏன் எங்கள் வீதி போடப்படவில்லை” என்றால் பதில் வராது. “இவ்வீதிக்கு ஒதுக்கிய நிதி, ஒப்பந்தப் பிரதி, கொடுப்பனவு வவுச்சர்” என்றால் பதிலளித்தே ஆக வேண்டும்.

புறக்கோட்டைக் கடைத் தொழிலாளரின் பிரச்சினைகளில் பெரும்பாலும் நியமனக் கடிதமே இருப்பதில்லை. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு தொழில் நியாய மன்றில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளி தாமே விண்ணப்பிக்கலாம். சம்பளத்தாள் இல்லையென்றால் ஊழியர் சேமலாப நிதிப் பதிவைத் தேடுங்கள். சம்பளத்தில் தொழிலாளி 8, முதலாளி 12 சதவீதம் என்ற பங்களிப்பு சென்றிருந்தால் வேலை உறவுக்கு அதுவே சாட்சி. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவர்களிடம் பணிக்கொடை பற்றியும் கேளுங்கள், பெரும்பாலானோர் கேட்பதேயில்லை.

குடும்ப வன்முறை முறைப்பாடுகளை மேசையில் வைத்துப் பேச வேண்டாம். தனி அறை, பெண் மாணவி, சுருக்கமான குறிப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றில் கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அலுவலரும் கேட்கலாம். வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பக்கூடாது. அவர் சொல்லும் பாதுகாப்பான எண்ணுக்கு மட்டும் அழையுங்கள்.

மொழிபெயர்ப்புதான் சங்கத்தின் உண்மையான பலம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில்பெறவும் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் உரிமை தருகிறது. வழக்கின் மொழி தெரியாதவர் அரச செலவில் உரைபெயர்ப்புக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு, வெட்கமும் பயமும் அதற்குக் காரணம். மாணவர் வாக்குமூலங்களை வரிவரியாகப் பெயர்க்கட்டும், ஆனால் மன்றுக்குப் போவது சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பிரதி. பெயர்களை ஒப்பிடுவதைத் தனி வேலையாகச் செய்யுங்கள்: தந்தை பெயர் முதலில் வரும் நம் வழக்கத்தால் அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக எழுதிய பெயர். சத்தியக்கடதாசி தயாரிக்கும் முன் இவற்றை ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாத கோவைகள் சமாதான நீதவானிடமிருந்து திரும்பி வந்தன.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவரை 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறோம். அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமான உறுதி, வழக்குத் தாள்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் அனுப்பினால் ஒரு நாள் கூலி இழந்து வெறுங்கையோடு திரும்புவார்கள். இது எமது குறைதான். எனவே பரிந்துரைத் தாளின் பின்பக்கத்தில் தேவையானவற்றின் பட்டியலை அச்சிட்டுள்ளோம்.

அடுத்த ஆண்டுக்கு இரு முன்மொழிவுகளைச் சபை முன் வைக்கிறேன். முதலாவது, பரீட்சைக் காலத்தில் மேசை மூடப்படுவதால் கோவைகள் தேங்குகின்றன. அக்காலத்துக்குச் சட்டத்தரணியிடம் பயிற்சி பெறும் பயிலுநர் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கோவையின் முகப்பிலும் கடைசித் திகதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். திகதி கண்டறியப்படாத கோவையை அன்றே சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும்.

செயலாளர்
கொழும்பு