அந்தத் தாளத்தில் உயிர் இருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ராக் இசை பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ‘ரெனிகேட்ஸ் ஆஃப் ஃபங்க்’ பாடலைப் பற்றிய பத்தியில் மனம் முட்டி நின்றுவிட்டது. உயிரற்ற இயந்திரப் பாட்டாக இருந்ததை, பிற்பாடு தன் பாணியில் மறுபடி பாடிய ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின் என்ற அமெரிக்க ராக் குழுதான் உயிரும் அரசியலும் கொடுத்து மாற்றியது என்கிறார் கட்டுரையாளர். இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் என்னும் மின்னணுத் தாளக் கருவி வாசித்து வருகிறேன். இதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பாடல் 1983-இல் வந்தது. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர் ஆப்பிரிக்கா பம்பாட்டாவும் அவரது சோல்சானிக் ஃபோர்ஸ் குழுவும் பாடியது. தயாரிப்பில் ஆர்தர் பேக்கர், ஜான் ரோபி. முந்தைய ஆண்டில் ‘பிளானட் ராக்’ தந்ததும் இதே கூட்டணிதான். அதில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டை எடுத்து, ரோலண்ட் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியின்மேல் ஏற்றி, நியூயார்க் இளைஞர்களை ஆட வைத்தார்கள். நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கிய பெட்டி அது. 1980-இல் சந்தைக்கு வந்தது, 1983-இல் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் அதன் பேஸ் டிரம்மை நல்ல ஒலிபெருக்கியில் ஒருமுறை கேளுங்கள். அடி விழுந்ததும் அடங்காது. தரைக்குள் இறங்குவதுபோல நீண்டு, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்து, மெல்லத் தேயும். மற்றவர்கள் குறை என்றதை அழகு என்று கண்டுகொண்ட காதுகளுக்கா உயிர் இல்லை?

அரசியலும் அப்படித்தான். அமெரிக்கப் பழங்குடித் தலைவர் சிட்டிங் புல், அமெரிக்க விடுதலைக்காக எழுதிய டாம் பெயின், கறுப்பின உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் ஆகியோரை அடுத்தடுத்து அழைத்து, தெருவில் ஆடிப் பாடும் பிள்ளைகளையும் அந்த வரிசையில் நிறுத்தியது 1983-இன் பாட்டு. கிங்கின் பிறந்தநாளை அமெரிக்க அரசு விடுமுறையாக்கும் சட்டமே அந்த ஆண்டு நவம்பரில்தான் கையெழுத்தானது. பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அந்தப் பெயர்களைப் புதிதாகச் சேர்க்கவில்லை.

ரேஜ் குழுவின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. சாம்பிள் (பிற ஒலிப்பதிவுகளிலிருந்து எடுக்கும் துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று 1992-இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே அச்சிட்டவர்கள். அவர்கள் போய் எலெக்ட்ரோ, அதாவது மின்னணுக் கருவிகளால் ஆன பாட்டு ஒன்றை எடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய சேதி. பெட்டி சலிக்காமல் அடித்த தாளத்தை டிரம்ஸ் கலைஞர் பிராட் வில்க் தோளிலிருந்து இறக்கி அடிக்கிறார். விரல் நுனியால் தட்டிப் பிழைக்கும் எனக்கு அந்த உழைப்பின் கனம் தெரியும். டாம் மொரெல்லோவின் கிடார் அதற்குமேல் உறுமுகிறது. இந்தப் பாட்டு இடம்பெற்ற அவர்களின் ஆல்பம் 2000 டிசம்பரில் வெளியானது. பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் உட்பட முழுக்கப் பிறர் பாடல்களே நிறைந்த ஆல்பம். இருந்தும் அதற்கு அவர்கள் வைத்த பெயர், இந்தப் பாட்டின் தலைப்பிலிருந்து எடுத்த ‘ரெனிகேட்ஸ்’ (கலகக்காரர்கள்). உயிரற்ற பாட்டுக்கு யாராவது அப்படியொரு மரியாதை செய்வார்களா?

கட்டுரையில் முதலில் பாடியவர்களின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாகவேனும் அந்தப் பெயர்களை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுத் தாளக் கலைஞர் ஒருவர்,
திருச்சி.