மில்லைக் காட்டாத மில் சுற்றுலா: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், சுற்றுலாக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், ஸ்டையலில் உள்ள குவாரி பேங்க் என்ற பழைய பஞ்சு மில்லுக்கு நம் சங்கம் சுற்றுலா போய் வந்த கதை உங்களுக்கே தெரியும். பஸ் ஏன் தாமதமானது, பிரியாணி ஏன் ஆறிப்போனது, குலுக்கலில் ஏர் ஃபிரையர் யாருக்கு விழுந்தது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அலசித் தீர்த்துவிட்டோம். அங்கே யாரும் எடுக்காத பேச்சு ஒன்று இருக்கிறது. நாம் போனது மில்லுக்கு. பார்த்தது தோட்டத்தை.

தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடந்தது, மேல் தோட்டத்துக் கண்ணாடி வீடும் அழகு, ஆளுக்கு நாற்பது படம் எடுத்தோம். ஆனால் அந்தத் தோட்டம் தானாக முளைத்ததில்லையே. சாமுவேல் கிரெக் 1784இல் போலின் ஆற்றங்கரையில் பஞ்சு மில் கட்டினார். அதை ஒட்டியே வீடு, வீட்டை ஒட்டித் தோட்டம். டொமினிக்கா தீவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டமும் அவருக்கு இருந்தது. இதெல்லாம் தெரியாமல் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு நம் ஊர்ப் பூங்காவே போதும், பஸ் வாடகையாவது மிஞ்சும்.

எங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கோயம்புத்தூர் மில்லில் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தை ஓட்டியே ஓய்வு பெற்றவர். ஷிப்டு மாற்றி ஷிப்டு, அறுந்த நூலைப் பிணைத்துப் பிணைத்து ஆள்காட்டி விரல் நுனி இன்னும் காய்த்துப்போய் இருக்கும். கோவை மில்களுக்குப் பைக்காரா தண்ணீர் மின்சாரம் கொடுத்த கதையைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கே தண்ணீர் நேராகவே சக்கரத்தைச் சுழற்றி மில்லை ஓட்டியது என்று நான் சொன்னதிலிருந்து, எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் அறிவிப்பில் 'மில் மற்றும் தோட்டம்' என்று இருந்ததை நம்பித்தான் பணம் கட்டினோம்.

கார் நிறுத்துமிடம் மேலே, மில் பள்ளத்தில். அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்து என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். மேல் தோட்டத்தோடு நின்றுவிட்டவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. மூட்டு வலிக்காரரான அப்பா தடியை ஊன்றி, ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி, கீழே வந்து சேர்ந்தார். உள்ளே முதல் கூடத்தில் ஒரு பெண்மணி கையால் நூல் நூற்றுக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா முகம் மலர்ந்து என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது போன் வந்தது. "குரூப் போட்டோ எடுக்கணும், அங்கிளை உடனே மேல கூட்டிட்டு வாங்க, பஸ் கிளம்புது." நூற்பு இயந்திரம் அடுத்த தளத்தில். தறிச் சத்தம் கீழேயே கேட்டது. சக்கரத்தையும் பார்க்கவில்லை. அதே ஏற்றத்தில் அவர் திரும்ப ஏறினார். போட்டோவில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். எல்லாரும் ஹார்ட் போட்டிருந்தீர்கள், நன்றி.

நாம் தவறவிட்டது இயந்திரங்களை மட்டுமில்லை. 1790இல் கட்டிய பயிற்சிப் பிள்ளைகளின் விடுதி அங்கே இருக்கிறது. ஏழையர் விடுதிகளிலிருந்து கொண்டுவந்த சிறுவர் சிறுமியர் கூலி இல்லாமல், சோற்றுக்கும் படுக்கைக்கும் வேலை செய்த இடம். தாமஸ் பிரீஸ்ட்லி என்ற பையனுக்கு இயந்திரத்தில் சிக்கி இடது கை ஆள்காட்டி விரல் போயிற்று. அவனும் இன்னொரு பையனும் 1806இல் லண்டனுக்கு ஓடிப்போனார்கள், அம்மாவைப் பார்க்க. பிடிபட்டு நீதிபதிகள் முன் சொன்ன வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. அந்தச் சிறுவர்களுக்கு நூல் பிணைப்பதும், ஓடும் இயந்திரத்துக்கு அடியில் புகுந்து பஞ்சு பொறுக்குவதும் வேலை. நம் பிள்ளைகள் அதே வயதில் அந்த விடுதிக்குப் பக்கத்திலேயே ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கூட்டிப்போன நாம் எதையும் காட்டவில்லையே.

பொங்கல் விழா மேடையில் மட்டும், லங்காஷயர் துணி வந்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்த வரலாற்றை உணர்ச்சி பொங்கப் பேசுவோம். அந்தத் தொழில் நடந்த கட்டடத்துக்கே பஸ் பிடித்துப் போனால் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வருவோம். அடுத்த வருடம் ஏதாவது கோட்டைக்குப் போவதாகக் கேள்வி. அங்கேயும் அகழிக்கரையில் தம்போலா ஆடிவிட்டுத் திரும்பலாம், கோட்டை எங்கே ஓடிப்போகப் போகிறது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். எல்லாரும் வேலைக்கு நடுவே, சம்பளமில்லாமல், இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறீர்கள் என்பது தெரியும். அதனால் தாழ்மையாகவே கேட்கிறேன்: மில் என்று அறிவித்தால் மில்லுக்குள் முழுதாக இரண்டு மணி நேரம் கொடுங்கள். சாப்பாடும் போட்டோவும் அதற்குப் பிறகு இருக்கட்டும். நடக்க முடியாதவர்களைக் கீழே கொண்டுபோக என்ன வசதி உண்டு என்று முன்கூட்டியே அங்கு விசாரித்து வையுங்கள். விடுதியைச் சுற்றிக் காட்டுவதற்கு நேரம் குறித்து வாங்க வேண்டும், அதையும் முதலிலேயே செய்துவிடுங்கள்.

அப்பாவின் விசா ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை இன்னொரு முறை ஏற்பாடு செய்ய முடியுமா? பெரிய பஸ் வேண்டாம், ஒரு மினிவேன் போதும். ஊரில் மில் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்டுப் பாருங்கள். அன்று பிரியாணி என் செலவு. மில்லுக்குள் இரண்டு மணி நேரம் மட்டும் உங்கள் பொறுப்பு.

பதிலைக் கைகூப்பும் எமோஜியாக அனுப்பிவிடாமல், தேதி போட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தவறாமல் சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்